முருங்கை மரத்துக்குக் கிழக்கே

திருநெல்வேலியில் வழி கேட்பவர்கள் பாவப்பட்ட ஜென்மங்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கிற எதையும் எங்கள் ஊர்க்காரர்கள் அடையாளம் சொல்ல மாட்டார்கள். இடித்துத் தரைமட்டமான தியேட்டர், என்றைக்கோ மூடிவிட்ட சோடாக்கடை, சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரம், இவைதான் எங்களுக்கு அடையாளம். "அந்தப் பழைய தியேட்டர் இருந்துதுல்லா, அதுக்கு எதுத்தாப்புல ஒரு சோடாக்கடை இருந்துது. அங்கனருந்து பைய மேக்கால போனீங்கன்னா வீடு வந்துரும்" என்பார்கள். கேட்டவர் அன்றைக்குத்தான் ரயிலில் வந்து இறங்கியவராக இருப்பார். அவரும் எல்லாம் விளங்கிய மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போவார். பத்தமடையிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நானும் சீக்கிரமே அப்படி வழி சொல்லப் பழகிவிட்டேன். அது ஒரு வியாதி என்று எனக்குத் தெரிந்தது, போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் அடைத்துக்கொண்டபோதுதான்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அம்பாசமுத்திரத்தில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் நானே கார் வைத்துப் போய் அழைத்து வந்தேன். நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூமுக்கு எழுந்து போவாள் என்பது பிள்ளை பெற்றவளுக்குத்தான் தெரியும். அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே வந்து நின்றது. மகள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரி நல்லவள்தான். ஆனாலும் அடிக்கடி கதவைத் திறக்க நேர்ந்தால் நல்லவர்களுக்கும் முகம் மாறத்தான் செய்யும்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாள் போன் செய்தார். வெள்ளிக்கிழமை மருமகளைப் பார்க்க வருகிறார்களாம். "எங்க ஊர்லயும் நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, இங்கயே இருக்கட்டுமே" என்று வளைகாப்பு அன்றைக்கே இழுத்துப் பார்த்தவர் அவர். இந்தக் கோலத்தைக் கண்டால் வந்த காரிலேயே பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நான் எந்த வாயால் தடுப்பேன்? ஒரே பெண். அவளுக்கு முதல் பிரசவம் என் வீட்டில், என் கையால் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகையாக வந்தது.

"எதுக்குப் பதறுத? டேங்க் நிறைஞ்சிருக்கும். லாரியைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை" என்றார் என் வீட்டுக்காரர்.

லாரி வந்தது. டிரைவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, "டேங்க் எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"முருங்கை மரத்துக்குக் கிழக்க."

டிரைவர் முற்றம் முழுக்கப் பார்த்தார். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. ஒரு செடிகூடக் கிடையாது. "மரம் எங்க?"

"மரத்தை வெட்டியாச்சுல்லா."

"எங்கன நின்னுது?"

"செப்டிக் டேங்குக்கு மேக்க" என்றார் இவர், கொஞ்சமும் தயங்காமல். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் லாரி வந்த வழியே போய்விட்டது.

இவர் என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. சர்வேயர். ஊரான் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து, எல்லைக்கல் எங்கே புதைந்து கிடந்தாலும் தோண்டி எடுத்துக் கொடுத்தவர். சீவலப்பேரிப் பக்கம் போனால் இன்றைக்கும் வயல்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். சொந்த வீட்டு மலக்குழி எங்கே என்று தெரியவில்லை.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள். சிந்து சமவெளிக்காரர்கள் எவ்வளவு ஒழுங்காகச் சாக்கடை கட்டினார்கள் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப்போய், ஆயிரக்கணக்கான வருஷமாக மண்ணுக்குள் கிடந்த தாழிகளைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு ஆழத்துல இருந்து கண்டுபிடிச்சிருக்காங்க" என்று பெருமைப்பட்டிருக்கிறேன். நூலகத்தைக் கொளுத்தினால் அறிவு அழியும், படையெடுத்து வந்தால் அறிவு அழியும் என்றெல்லாம் பாடம் எடுத்தேன். முற்றத்தில் டைல்ஸ் போட்டாலே போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைக்குப் பக்கத்துத் தெரு. என் மாமனார் ஒரே வீடாகக் கட்டியது. அவர் காலத்துக்குப் பின் இவரும் இவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்துக்குக் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்கே ஒரு சுவர் எழும்பியது. வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு. இது என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நடந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு, முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் நின்றேதான் இருந்தது. சண்டை சொத்துக்காகக்கூட இல்லை. அந்த முருங்கை மரத்துக்காக. மரம் என் பக்கம்தான் என்று இரண்டு பேரும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சத்தியம் செய்தார்களாம். கடைசியில் இருவருக்கும் வேண்டாம் என்று வெட்டிப்போட்டார்களாம். அந்த மரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, சாம்பாரில் முருங்கைக்காய் போடுகிற ஒவ்வொரு நாளும் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "இது என்ன காய், நம்ம மரத்துக் காய் வெண்ணெ மாதிரில்லா இருக்கும்" என்று.

மாமனார் காலத்துக் குழி அடியில் தரை போடாதது. ஆற்று மணலில் தானாகவே வற்றிவிடும். அதனால் அத்தனை வருஷமும் யாரும் அதை நினைத்துப் பார்க்க வேண்டியே வரவில்லை. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்ததில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியை நிரப்பிவிட்டது. உபகாரம் செய்கிறவர்களைக் கெடுதல் வரும்வரை யாரும் நினைக்க மாட்டார்கள் என்பதற்கு அந்தக் குழியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிளம்பர் வந்தார். பாத்ரூம் ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். கொஞ்ச தூரம் போய் ஒரு வளைவில் முட்டி நின்றது. "தரையை உடைச்சாத்தான் பைப் எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியும்" என்றார். தரையை உடைப்பதா? மாப்பிள்ளை வந்தால் குளிக்க வேண்டுமே என்று போன வருஷம்தான் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிப் போட்ட டைல்ஸ் அது. "நான் இருக்கும்போது என்னத்துக்கு உடைக்கணும்? எனக்குத் தெரியாதா எங்க வீட்டு மரம் நின்ன இடம்?" என்றார் இவர். பிளம்பரும் போனார்.

பிறகு இவரே இரண்டு ஆட்களை வைத்து முற்றத்து டைல்ஸைப் பெயர்த்துத் தோண்ட ஆரம்பித்தார். சமையல்கட்டு வாசலுக்கு நேரே ஒரு குழி. அங்கே இல்லை. "அப்பம் இங்கன" என்று கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அங்கேயும் மணல்தான். ஆட்களுக்குக் காபி கொடுத்தே எனக்குக் கை சோர்ந்தது. மறுநாள் காலையில் இவர் வாசலில் உட்கார்ந்து வழக்கம்போல் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் வந்தது. நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல, கழிவுநீர் வெளியேற்றத்தில் உலகுக்கே முன்னோடிகள் என்று ஒரு நீளமான செய்தி. போனைத் தூக்கி அந்தக் குழிக்குள்ளேயே எறியலாம் போல் வந்தது.

"முன்னோர் முட்டாள் இல்ல, சரி. பின்னோரைப் பத்தி அதுல ஒண்ணும் போடலையா?" என்று கேட்டேன்.

மதியம் இவருடைய சிநேகிதர் ஒருவர், நீரோட்டம் பார்க்கிற ஆளைக் கூட்டி வந்தார். போர் போடுவதற்கு முன்னால் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார்களே, அந்த ஆள். எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே தேங்காய் நிமிர்ந்து நிற்கும். "நல்ல தண்ணிக்கு நிக்கிற தேங்கா, இதுக்கும் நிக்காதா?" என்றார் சிநேகிதர். அந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்குப் பார்த்துக் கும்பிட்டு, பயபக்தியோடு நடந்தார். தேங்காய் முதல் அடியிலேயே நிமிர்ந்தது. அடுத்த அடியிலும் நிமிர்ந்தது. வாசல்படியில் நிமிர்ந்தது, கார் நிற்கிற இடத்தில் நிமிர்ந்தது, பூஜை அறைப் பக்கம் போனபோது நட்டமாக நின்றது. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு, அதுவும் அடைமழைக் காலத்தில், தேங்காய் எங்கேதான் நிமிராது? "வீடு முழுக்க யோகம் இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு தேங்காயையும் எடுத்துக்கொண்டு போனார். மகள் கட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், பாதிச் சிரிப்பில் எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விட்டால் அடுத்த நாள் வெள்ளிக்கிழமை.

காலையில் பால் வாங்கப் போனபோது கடையில் என் ஓரகத்தி நின்றாள். இவருடைய அண்ணன் மனைவி. ஆண்கள்தான் பேச மாட்டார்களே தவிர நாங்கள் இருவரும் பால் கடையில் பேசிக்கொள்வோம். வீட்டுக்குத் தெரியாது. தெரியாத மாதிரி அவர்கள் இருப்பார்கள்.

"ராத்திரியெல்லாம் உங்க வீட்டுல கடப்பாரைச் சத்தம் கேக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுதாவ" என்றேன். அது உண்மை. இவர் அதைக் கேட்டு, "புதையல் தோண்டுதான் போல" என்று முணுமுணுத்திருந்தார்.

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "புதையலும் இல்ல ஒண்ணும் இல்ல. கக்கூஸ் அடைச்சுக் கிடக்கு. லாரியைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பியாச்சு. இவிய முருங்கை மரத்துக்குக் கிழக்கன்னு சொல்லித் தோண்டிக்கிட்டே இருக்காவ. நான் மக வீட்டுக்குப் போய்த்தான் குளிச்சிட்டு வாரேன். உங்ககிட்ட சொல்லிராதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ."

நான் பால் தூக்கைக் கீழே வைத்தேன். கிணற்றைப் பிரித்தார்கள், மாமரத்தைப் பிரித்தார்கள், அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். இந்தக் குழியை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்கள். அவனுக்குத் தனியாக இருக்கும் என்று இவரும், இவனுக்குத் தனியாக இருக்கும் என்று அவரும் நினைத்துக்கொண்டு, முப்பது வருஷமாக அண்ணனும் தம்பியும் ஒரே குழியில் கூட்டுக்குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

அங்கேயே நின்று மும்பையில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அண்ணன்மார் இருவரோடும் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். முருங்கை மரம் எங்கே நின்றது என்று கேட்டதும் அவளுக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது.

"இதென்ன மைனி கேள்வி? நடுவுலதான் நின்னுது. எங்கம்மா கிணத்துத் தூண்ல இருந்து சமையல்கட்டு ஜன்னல் கம்பிக்குத் துணி காயப்போடக் கயிறு கட்டுவா. பாதியில தொய்யாம இருக்க மரத்தோட ஒரு சுத்து. சரியா நடுவுல நின்னதாலதானே அவ்வளவு சண்டை. சுவர் வைக்கணும்னுல்லா வெட்டுனாங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் மறந்து போகவில்லை. மறந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். மரம் என் பக்கம் என்று ஊர் முன்னால் சத்தியம் செய்துவிட்டு, அதையே வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொன்னவர்களே நம்பிவிட்டார்கள். இவர் தன் பொய்க்குக் கிழக்கே தோண்டினார். அவர் தன் பொய்க்குக் கிழக்கே தோண்டினார். உண்மை இடையில் சுவருக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ஓரகத்தியும் நானும் அவரவர் வீட்டுக்குப் போனோம். அவள் தன் பக்கத்துக் கிணற்றுத் தூணில் ஒரு கயிற்றைக் கட்டிச் சுவருக்கு மேலே வீசினாள். நான் பிடித்து இழுத்து எங்கள் சமையல்கட்டு ஜன்னலில் கட்டினேன். கயிறு சுவரைத் தாண்டுகிற இடத்துக்குச் சற்றுக் கிழக்கே பார்த்தால், சுவரில் அந்த ஈரக்கறை. அதை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் இவர் அதற்குப் பெயிண்ட் அடிப்பார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அது திரும்ப வந்துவிடும். "அந்தப் பக்கத்துத் தண்ணி, வேணும்னே விடுதான்" என்பார். அந்தப் பக்கத்திலும் அதே கறை, அதே பெயிண்ட், அதே வசவு என்று ஓரகத்தி சொன்னாள்.

தங்கை சொன்னதை இவரிடம் சொன்னேன். "அவ அப்பம் சின்னப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு கயிற்றைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். சர்வேயர் அல்லவா, ஒரு நேர்கோட்டைப் பார்த்துப் பொய் சொல்ல அவரால் முடியவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சுவரை உடைக்கணும்" என்றேன்.

"அவன் வந்து கேக்கட்டும்."

"நீங்க வந்து கேக்கணும்னு உங்க அண்ணன் சொல்லுதாவளாம்."

"அப்பம் கெடக்கட்டும்."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "உங்க மக வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஊரான் வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கா. நாளைக்கு அவ மாமியார் வந்து கூட்டிக்கிட்டுப் போனா, பெத்த பிள்ளைக்கு ஒரு கக்கூஸ் குடுக்க முடியலன்னு நீங்கதான் வாசல்ல நின்னு சொல்லணும்" என்றேன். அவர் சட்டையை மாட்டினார். "சீவலப்பேரியில ஒரு ஜோலி இருக்கு. சாயங்காலம் ஆகும் வர. நான் இல்லாத நேரத்துல யாரும் எதையும் செஞ்சா அதுக்கு நான் பொறுப்பில்ல" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு அங்கே எந்த ஜோலியும் இல்லை. இதைவிடத் தெளிவாக அவர் எனக்குச் சம்மதம் சொன்னதில்லை. அடுத்த வீட்டிலும் ஒருவர் அப்படித்தான் எங்கோ ஜோலி என்று கிளம்பினாராம். பஸ் ஸ்டாப்பில் ஆளுக்கு ஒரு மூலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றதாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள்.

கொத்தனார் வந்து கறை இருந்த இடத்தில் சுவரை இடித்தார். அடித்தளக் கல்லைப் புரட்டியதும் மூடி தெரிந்தது. முன்னே சுவர் கட்டிய ஆள், தோண்டாமலே கெட்டியான பலகைக்கல் கிடைத்ததே என்று அதன்மேலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறான். லாரி வந்து உறிஞ்சியது. நாற்றம் தெருமுனை வரைக்கும் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் போல நல்ல வாசனையை நான் முகர்ந்ததில்லை. மகள் உள்ளே போய் தண்ணீரை ஊற்றினாள். அது இறங்குகிற சத்தத்தை நானும் ஓரகத்தியும் இடிந்த சுவரின் இரண்டு பக்கமும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் வந்தார், அல்வாவோடு. மருமகளைப் பார்த்தார், பாத்ரூமுக்கும் போய் வந்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் திரும்பிப் போனார். பிள்ளை என்னிடமே இருந்தாள். கொத்தனாருக்கு அடுத்த வேலை வந்துவிட்டதால் சுவர் அப்படியே கிடந்தது. ஓரகத்தி தினமும் அந்தச் சந்து வழியாக வந்து மகளுக்குக் கால் பிடித்துவிட்டாள். ஒருநாள் விடியற்காலையில் வலி எடுத்தபோது எதை எடுக்க, எதை வைக்க என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் துணிமணி எடுத்து வைத்து ஆட்டோவில் கூடவே ஏறி வந்தாள். பெண் குழந்தை. பார்க்க வந்த அத்தனை பேரும் யார் ஜாடை என்று அடித்துக்கொண்டார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக் கொத்தனார் திரும்பி வந்தார். சுவரை எங்கே வைக்க என்று கேட்டார். மூடிக்கு மேலேயே மறுபடி கட்டாதீர்கள், ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள், அடுத்த தடவை இந்தப் பாடு வேண்டாம் என்றேன். எந்தப் பக்கம் தள்ள என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு சாண் நிலத்தை யார் விடுவார்கள்? சரி, அந்த இடத்தில் மட்டும் ஒரு கேட்டாவது வையுங்கள் என்று கெஞ்சினேன். இவர் வடக்கே பார்க்காமல், "பழையபடியே கட்டும்" என்று கொத்தனாரிடம் சொன்னார். அண்ணனும் தெற்கே பார்க்காமல், "ஆமா, பழையபடியேதான்" என்று கொத்தனாரிடம் சொன்னார். நான் கத்தினேன். இதே குழியை நாளைக்கு இந்தப் பிள்ளை தேடும், அன்றைக்கு அதற்கு யார் சொல்லுவார்கள் என்று கேட்டேன். ஓரகத்தியும் அவள் பங்குக்குக் கத்தினாள். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. கொத்தனார் பலகைக்கல்லின் மேல் கலவையைக் கொட்டினார்.

அப்போது குழந்தை அண்ணன் மடியில் இருந்தது. சுவர் இல்லாத அந்தச் சில வாரங்களில், யாரும் கவனிக்காத நேரம் பார்த்து அவரே வந்து தூக்கிக்கொண்டு போவார். இவர் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். சுவர் இடுப்பளவு உயர்ந்தபோது குழந்தை பசிக்கு அழுதது. அவர் எழுந்து வந்து நின்றார். சுற்றி வர வேண்டுமானால் தெரு வழியாக எங்கள் வாசலுக்கு வர வேண்டும், அது அவரால் ஆகாது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள், நான் அடுப்படியில் கை நிறைய மாவோடு நின்றேன். இவர்தான் சுவருக்கு இந்தப் பக்கம் பக்கத்தில் இருந்தார். அவர் குழந்தையைச் சுவருக்கு மேலே நீட்டினார். இவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"கழுத்தைப் பாத்துப் பிடிலே" என்றார் அண்ணன்.

"பிடிச்சிருக்கேன்" என்றார் இவர்.

கொத்தனார் கொஞ்ச நேரம் கையில் செங்கல்லோடு நின்றார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதை எடுத்து வைத்துப் பூசினார்.